ஓடாவிக்குச் சாரன்

தலைவர் பொய் சொன்னார். யாரோ காதில் ஓதியதை வைத்து நான் இதை எழுதவில்லை. எங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் முகங்களைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த மனிசி ஓடாவியில்ல. ஓடாவிர பொஞ்சாதி. புருஷன் மவுத்தான பொறகு கொட்டிலுக்குள்ள இருந்து சும்மா தட்டிக்கிட்டு இருந்தவ. அவக்கே எடம் இல்ல எண்டா மகளுக்கு எப்பிடி எடம்?"

சிலர் சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழும்பினேன். நேரம் போய்விட்டது என்று மைக்கை நிறுத்தினார்கள். ஸலவாத்துச் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அங்கே பேச விடாததால் இங்கே எழுதுகிறேன்.

கல்முனைப் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கரையில் தச்சுவேலை செய்கிறவரை ஓடாவி என்போம். கதவு, யன்னல் செய்கிறவரும் ஓடாவிதான், தோணி கட்டுகிறவரும் ஓடாவிதான். நாங்கள் ஒரே காணியில் வரிசையாகக் கொட்டில் போட்டு வேலை செய்கிறோம். காணி சங்கத்துடையது. மரம் சீவுகிற மெசினும் சங்கத்துடையது. ஓர் ஓடாவி கண்மூடி மவுத்தானால் கொட்டில் அவருடைய பிள்ளைக்கு. அதற்கு யாரும் கை உயர்த்தத் தேவையில்லை. நான் அப்படித்தான் வந்தேன். தலைவரும் அப்படித்தான் வந்தார். இப்போது, மவுத்தாகிவிட்ட அந்த மனிசியின் மகள் மட்டும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் கொட்டிலைக் கழற்றிக்கொண்டு போகவேண்டுமாம். மெசினைத் தொடக்கூடாதாம். அவளுக்கு வேறு காணி கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. உம்மா ஓடாவியா, இல்லையா? அவளுடைய சோறு இந்த ஒரு சொல்லில் நிற்கிறது.

அந்த மனிசியின் பெயரை நான் எழுதமாட்டேன். பெயர் நிக்காஹ்வுக்கும் கபுறுக்கும் போதும் என்பார் அவர். நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டேன். என் கொட்டிலுக்கும் அவர் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். பத்துப் பதினைந்து வருடமாக அந்தத் தகரத்தின் இரண்டு பக்கமும் இருந்து சண்டை பிடித்தவர்கள் நாங்கள். அதனால் அவரை எனக்குத் தெரியும்.

ஆள் உயரமில்லை. குரல்தான் உயரம். பென்சிலை முக்காட்டுக்குள் காதோடு செருகி வைத்திருப்பார். அதை மறந்து அப்படியே தொழப் போய்விடுவார். ஒருநாள் பெண்கள் பக்கம் ஸுஜூதுக்குப் போனபோது பென்சில் விழுந்து உருண்டு முன் வரிசைக்கே போய்விட்டதாம். தொழுகை முடிந்ததும் ஒரு பெண் கோபமாகக் கேட்டிருக்கிறாள், தொழ வரும்போது எதற்குப் பென்சில் என்று.

"நம்மட நன்ம தீம எழுதத்தானே தோள்ல மலக்குமாரு இருக்காங்க. ஒருவேள பென்சில் முடிஞ்சிருந்தா?" என்று சொல்லிவிட்டு எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டாராம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஸலாம் சொல்லி முடிக்கும் முன்னரே கை கதவில் போய்விடும். உள்ளங்கையை வைத்துத் தள்ளுவார், இழுப்பார், கதவைப் பிடித்திருக்கும் பிணைச்சலின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். கலியாண வீட்டிலும் அதுதான், மையத்து வீட்டிலும் அதுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் மாட்டார். "இது ஆருர வேல?" என்று கேட்பார். செய்தவன் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி: "செஞ்சதுக்குப் பொறகு எப்பயாச்சும் வந்து பாத்தானா?"

வந்தான் என்றால் அவன் ஓடாவி. வரவில்லை என்றால் அவனுக்கு அவர் வேறு பெயர் வைத்திருப்பார்.

எனக்கு வைத்திருந்த பெயர் ஆணிக்காரன். பொருத்து இறுகாத இடத்தில் நான் ஓர் ஆணியைச் சேர்த்து அடிப்பேன். அடிக்கிற சத்தம் கேட்டதும் தகரத்தில் தட்டுவார். "ஆணிக்காரா, அது கட்டிலா, குருசா? மாப்பிளய ஆணி அடிச்சிக் கெடத்தவா போறா?"

"ஒங்கட வேலயப் பாருங்க ராத்தா!"

"ஒன்ட வேலயத்தான்டா நானும் பாக்கன். ஒன்னால பாக்க ஏலாம இருக்கே."

இப்படியே எங்கள் பொழுது போகும்.

எங்கள் ஊரில் யாரும் தன்னைத் தானே ஓடாவி என்று சொல்லிக்கொள்வதில்லை. என்ன தொழில் என்று கேட்டால் "மரவேல செய்யிறன்" என்பான். மற்றவன்தான் ஓடாவி என்று கூப்பிடவேண்டும். அந்த மற்றவன் யார், எப்போது கூப்பிடுவான் என்பதற்கும் ஒரு வழமை இருக்கிறது. புது வீட்டுக்கு வாசல் நிலை நிறுத்துகிற நாளில் பள்ளிவாசல் லெப்பை வந்து பாத்திஹா ஓதுவார். நிலை நிமிர்ந்து நின்றதும் வீட்டுக்காரர், ஆம்பிளைகள் இடுப்பில் உடுத்துகிற ஒரு புதுச் சாரனைக் கொண்டுவந்து, "இந்தாங்க ஓடாவி" என்று கையில் கொடுப்பார். அந்தச் சாரனை வாங்காதவன் எத்தனை கட்டில், எத்தனை அலுமாரி செய்திருந்தாலும் வேலைக்காரன்தான். வாங்கியவன் ஓடாவி. சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாஸ்டர் எங்கள் கூட்டத்தில் ஒருமுறை விளக்கினார். ஓடம் செய்தவர்களில் இருந்து வந்ததாம். இருக்கலாம். எனக்குத் தெரியாது. அது யாருக்குப் போகும், எப்படிப் போகும் என்பதுதான் எனக்குத் தெரியும்.

ராத்தாவின் புருஷன் மவுத்தானபோது கொட்டிலில் ஒரு நிலை அரைகுறையாகக் கிடந்தது. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் மகளுக்குக் கட்டுகிற வீடொன்றுக்கான நிலை. விதவை வீட்டுக்குள் இருக்கிற இத்தாக் காலம் முடிகிற வரைக்கும் அந்த வீட்டுக்காரி பொறுத்திருந்தாள். பிறகு மரத்தை எடுத்துப்போக வந்தாள்.

"வேற ஓடாவியிட்ட குடுக்கப் போறன் ராத்தா. கோவிக்காதீங்க."

"நான் முடிச்சித் தாறன்."

"நீங்களா?"

"இவ்வளவு காலமும் அந்த மனிசன் பொருத்து வெட்டக்கொள்ள மத்தப் பக்கம் புடிச்சது ஆரு? ஜின்னும் பேயுமா?"

முடித்தும் கொடுத்தார். நிலை நிறுத்துகிற நாளில் மற்றப் பக்கம் பிடிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். லெப்பை ஓதினார். நிலை நின்றது. வீட்டுக்காரி ஒரு தட்டில் சீலை வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல சீலை. ராத்தா அதைப் பார்த்தார், தொடவில்லை.

"இது ஆருக்கு?"

"ஒங்களுக்குத்தான் ராத்தா."

"நிலை வெச்சா ஓடாவிக்கு என்னகா குடுக்கிற?"

"சாரன்."

"அப்ப சாரன எடு."

"பொம்புளக்கி எப்பிடி ராத்தா சாரன் குடுக்கிற? நாலு பேரு சிரிப்பாங்களே."

"அந்த நாலு பேரையும் வந்து இந்த நிலையப் புடிக்கச் செல்லு. ஏகா, இந்த மரத்துக்குத் தெரியுமா ஆம்புள செஞ்சதா, பொம்புள செஞ்சதா எண்டு?"

வீட்டில் சாரன் வாங்கி வைத்திருக்கவில்லை. புருஷன்காரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனான். அவன் திரும்பி வருகிற வரைக்கும் ராத்தா நிலையில் இருந்து கையை எடுக்கவில்லை. அவர் எடுக்காததால் நானும் எடுக்க முடியவில்லை. நல்ல வெயில். லெப்பைக்கு அடுத்த வீட்டில் ஓதல் இருந்தது. போகவும் மனமில்லாமல் நிற்கவும் முடியாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சீலைய வாங்கிக்கிட்டு வாங்க ராத்தா, கை உளையிது" என்றேன்.

"உளையட்டும். சீலைய வாங்கினா நான் இந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்தவ. நாளைக்கு இந்த நிலை சரிஞ்சா விருந்தாளியயா கூப்பிடுவாங்க?"

சாரன் வந்தது. வீட்டுக்காரிக்குச் சிரிப்பும் வெட்கமும். "இந்தாங்க ஓடாவி" என்றாள். ராத்தா பிஸ்மி சொல்லி இரண்டு கையாலும் வாங்கி, விரித்துப் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டார். அந்தச் சாரனோடேயே மெயின் ரோட்டால் நடந்து வந்தார். பின்னால் உளியும் சுத்தியலும் வைத்த ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்.

அது பெருமைக்கு வாங்கிய சாரன் இல்லை. பெருமைக்கு வாங்குகிறவன் வாங்கியதோடு போய்விடுவான். அவருடைய கணக்கு வேறு. சாரன் வாங்கிய வீட்டில் இருந்து எப்போது கூப்பிட்டாலும் போகவேண்டும். "அந்தக் கதவு மவுத்தாகிற வரைக்கும் நீதான் அதுக்கு வாப்பா" என்பார். வரிப்பத்தான்சேனையில் ஒரு வீட்டு நிலையைக் கறையான் தின்றுவிட்டது. அறுவடைக் காலம், பஸ் நிறையச் சனம். பஸ்ஸுக்கு நின்று, மாறி ஏறி, பெட்டியோடு போனார். வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார், "இது ஒங்கட பிழையில்ல ஓடாவி, கறையான்ட வேல."

"கறையானா வந்து சாரன் வாங்கினது? நான்தானே" என்று சொல்லிவிட்டு நிலையின் அடிப்பக்கத்தை அறுத்து எடுத்து வேறு மரம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். காரைதீவில் ஓர் இந்து வீட்டில் சாரனுக்குப் பதிலாக வேட்டி கொடுத்தார்கள். அதையும் மறுக்கவில்லை. ஊருக்கு ஊர் வழக்கம், ஓடாவி ஓடாவிதான் என்றார்.

வாசல் அளக்கும்போது கேட்கிற கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குக் கட்டுவது. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவான். ராத்தா அளவு நாடாவைப் பிடித்தபடி வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்பார். "மாப்பிள உள்ள வரணும். சந்தூக்கு வெளிய போகணும். ரெண்டுக்கும் எடம் உட்டிருக்கீங்களா?" புது வீட்டில் நின்று மையத்துப் பெட்டியைப் பற்றிக் கதைப்பது பலருக்குப் பிடிக்காது. முகம் சுளிப்பார்கள். அவர் நாடாவைச் சுருட்டமாட்டார். வாசலைப் பெரிதாக்குகிறோம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் சுருட்டுவார்.

எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே பல நாள் பிடிக்கவில்லை. மருதமுனையில் ஒரு கலியாணத்துக்கு நான் செய்த கட்டில் ஒன்றின் கால், மாப்பிள்ளை வந்த முதல் கிழமையே கழன்றுவிட்டது. ஆள் அனுப்பினார்கள். எந்த முகத்தோடு போவது? போகாமல் இருந்தால் தகரம் சும்மா இருக்காது. போனேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுப் பெண்கள் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. கட்டிலைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி எறிந்து, பொருத்தைப் புதிதாக வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொட்டிலுக்குள் காலை வைக்கிறேன், தகரத்தில் தட்டுகிற சத்தம்.

"வந்திட்டியா ஓடாவி? வா, தேத்தண்ணி ஊத்தி வெச்சிருக்கன்."

அதுதான் முதல் தரம். அதற்கு முன் நான் எத்தனையோ வீட்டில் சாரன் வாங்கியிருந்தேன். அவர் வாயில் இருந்து வந்தது அன்றைக்குத்தான்.

தன் மகளை அவர் ஒருநாளும் ஓடாவி என்று கூப்பிடவில்லை. "ஏய் புள்ள" தான். அந்தப் பிள்ளை எங்களில் பலரைவிட நன்றாகப் பொருத்து வெட்டுவாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் நேரே கேட்டேன், பெற்ற பிள்ளைக்கு ஒரு நல்ல சொல் சொல்ல வாய் வலிக்கிறதா என்று.

"நான் கூப்பிட்டா அது உம்மா கூப்பிடுற" என்றார். "அத வெச்சிக்கிட்டு அவள் எங்க போற? ஊர் கூப்பிடட்டும். அதுக்குத்தான் வாயக் கட்டிக்கிட்டு இருக்கன்."

கடைசி வரைக்கும் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அது சரியா, பிழையா என்று எனக்கு இன்னும் தெரியாது. மகள் அதற்காக அழுததை நான் பார்த்திருக்கிறேன். ராத்தா மவுத்தாகிச் சில மாதத்தில் பெரியநீலாவணையில் ஒரு வீட்டுக்கு அவள் தனியாக நிலை வைத்தாள். மற்றப் பக்கம் நான்தான் பிடித்தேன். வேட்டி கொடுத்து, "வாங்கோ ஓடாவி" என்று கூப்பிட்டார்கள். கொட்டிலுக்கு வந்து உம்மாவின் சாரன்கள் இருக்கிற பெட்டியைத் திறந்து அந்த வேட்டியை மேலே வைத்தாள். போய் உளியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆகவே உம்மாவின் வழியாலும் அவள் உள்ளே. தன் வழியாலும் உள்ளே.

இனித் தலைவரோடு நேரே கதைக்கிறேன்.

தலைவரே, உங்கள் கடைக்கு மேலே பெரிய போர்ட்டில் உங்கள் பெயருக்கு முன்னால் ஓடாவி என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். இரவில் அதற்கு லைட்டும் எரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் போர்ட். ஆனால் உங்களோடு பிறந்த ராத்தா வீட்டு வாசலை மறந்துவிட்டீர்களா?

சுனாமிக்குப் பிறகு ஊரெல்லாம் வீடு கட்டிய காலம். உங்கள் உம்மா உங்கள் ராத்தாவோடு இருந்தார். அந்த வீட்டுக்கு வாசல் நிலையும் கதவும் நீங்கள்தான் செய்தீர்கள். பூ வெட்டி, பொலிஷ் பூசி, பார்க்க நல்ல கதவு. மரம் மட்டும் பச்சை. அப்போது உங்களுக்கு ஒப்பந்த வேலை நிறைய, மரம் காயும் வரை காத்திருக்க நேரமில்லை. மாரி பிடித்தது. கதவு ஊதி நிலையோடு இறுகிவிட்டது. வீட்டில் மற்ற எல்லோரும் வெளியே போயிருந்த நேரம். உம்மா உள்ளே தனியாக. திறக்க முடியவில்லை. முன்கூடத்துக்குள் மழைத் தண்ணீர் ஏறுகிறது. தண்ணீர் ஒருமுறை வந்து போன ஊர் அது. அந்த மனிசிக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் கத்திய சத்தம் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்டது. அயலவர்கள் யன்னல் கம்பியை வளைத்து அவரை வெளியே எடுத்தார்கள். உங்களுக்குப் போன் எடுத்தார்கள். நீங்கள் கொழும்பில் மெசின் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "தோளால இடிச்சித் தள்ளுங்க, தொறக்கும்" என்றீர்கள்.

அடுத்த நாளும் நீங்கள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. என் பக்கத்துக் கொட்டில் ராத்தா போனார். அவர் செய்த கதவு இல்லை, அவர் சாரன் வாங்கிய வீடும் இல்லை. நான் தடுத்தேன். "அவர்ட வேலய நாம தொட்டா சண்ட வரும் ராத்தா" என்றேன்.

"சண்ட வந்தா வரட்டும். ஓடாவி செஞ்ச கதவால ஒரு மனிசி சாகப் பாத்தா எண்டு ஊர் கதைக்கிது. அவன்ட பேரச் செல்லல்ல, ஓடாவி எண்டுதான் செல்றாங்க. அது எனக்கும்தான்டா."

கதவைக் கழற்றினோம். நிலையையும் கழற்றினோம். வாசலை அகலப்படுத்தி, காய்ந்த முதிரை மரத்தில் புது நிலை நிறுத்தினோம். உங்கள் உம்மா உள்ளே போய் ஒரு சாரன் எடுத்து வந்தார். நீலக் கட்டம் போட்டது. பெருநாளைக்கு உங்களுக்கென்று வாங்கி வைத்தது. அந்த நேரம்தான் நீங்கள் வான் வண்டியில் வந்து இறங்கினீர்கள். முற்றத்தில் நின்றீர்கள். உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் உம்மா அந்தச் சாரனை ராத்தாவின் கையில் வைத்தார். உங்களைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"இது ஓடாவிக்கெண்டு வாங்கினது. ஓடாவிக்கே குடுக்கன்."

ராத்தா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மற்றச் சாரன்களை உடுத்தினார், கிழித்தார், கதவுக்குப் போர்த்தினார். உம்மா கொடுத்ததை மட்டும் மடிப்புக் குலைக்கவில்லை. "இதில ஒரு உம்மாட மனவருத்தம் இருக்கு. உடுத்தினா குத்தும்" என்றார்.

உங்கள் உம்மா மவுத்தானபோது சந்தூக்கு அந்த வாசலால்தான் வெளியே வந்தது. முன் பக்கத்தைத் தோளில் வைத்திருந்தது நீங்கள். சரிக்கவில்லை, திருப்பவில்லை, ஒரு பக்கமும் இடிக்கவில்லை. நான் பின் பக்கம் நின்றேன்.

சங்கம் யாரையும் ஓடாவி ஆக்குவதில்லை. வீட்டுக்காரர் ஆக்குகிறார். அப்படி ஆனவர்கள் சேர்ந்ததுதான் சங்கம். நீங்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தப் பிள்ளையின் கொட்டிலைக் கழற்ற ஆள் அனுப்புங்கள். நடுவில் இருக்கிற தகரம் என்னுடையது. முதலில் என் கொட்டிலைக் கழற்றிவிட்டுத்தான் அவளுடையதைத் தொடமுடியும். எனக்கு அடுத்த கொட்டில்காரரும் இதையே சொல்லியிருக்கிறார். அவருக்கு அடுத்தவரும் சொல்வார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் காணிக்கு வருகிறேன். அந்த நீலச் சாரனை மடிப்புக் கலையாமல் மகள் கொண்டுவருவாள். மைக் உங்களிடம்தான் இருக்கிறது. இந்தத் தடவை நிறுத்தாமல், எல்லோருக்கும் கேட்க, பதில் சொல்லுங்கள், தலைவரே: அன்றைக்கு அந்த வாசலில் வைத்து உங்கள் உம்மா இந்தச் சாரனை யாருக்குக் கொடுத்தார்?